துண்டின் நிறம் பார்த்து: பூட்டான் பயணக் குறிப்புகள்

மார்ச் 17, திங்கள் – புன்ட்ஷோலிங்

ஜெய்காவ் கடைத்தெருவின் ஹாரன் சத்தம் ஒரு மதில் சுவரோடு நின்றுபோகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்காளம், அந்தப் பக்கம் பூட்டான். வண்டிகளுக்கு டிராகன் செதுக்கிய வண்ண வாசல் உண்டு. நடந்து போகிறவர்களுக்குத் தனி முனையம். குடிவரவுச் சோதனையும் அங்கேதான்.

முதலில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பூட்டான் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. எல்லையோரத்தில் கைபேசி இந்தியக் கோபுரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் திரையில் நான்கரை காட்டும்போது அங்கே மணி ஐந்து. இன்று மாலை ஒரு கொல்கத்தா குடும்பம் இதில்தான் மாட்டியது. அனுமதிச் சீட்டு நாளைக்குத்தான் என்றாகி, ஜெய்காவில் ஓர் இரவு அறை வாடகை கூடுதல் செலவு.

கையில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். ஆதார் இங்கே செல்லாது. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம். 6 முதல் 12 வயதுவரை பாதி, அதற்குக் கீழே கிடையாது. 2022 செப்டம்பருக்கு முன்பு இந்தக் கட்டணமே இல்லை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் கவுன்ட்டரில் வாக்குவாதம் செய்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் குரலை உயர்த்தாமல், அச்சிட்ட தாளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டுகிறார். அதற்கு மேல் சண்டை போட யாருக்கும் வாய் வருவதில்லை.

அவர் உடுத்தியிருப்பது கோ. அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை நேரத்தில் ஆண்களுக்கு கோ, பெண்களுக்கு கிரா கட்டாயம். கோ பார்க்க எளிது, கட்டுவது அவ்வளவு எளிதல்ல. கணுக்கால்வரை தொங்கும் அங்கியை முதலில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத் தையலையும் இடுப்பருகே பிடித்து இழுத்து, முதுகுப்புறம் இரண்டு மடிப்பு சரிசமமாக விழும்படி செய்ய வேண்டும். பிறகு மொத்தத் துணியையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, 'கேரா' என்ற கச்சையால் இறுக்கிக் கட்டுவார்கள். மேலே மிஞ்சிய துணி கச்சையின் மீது மடிந்து ஒரு பையாகிவிடும். கிண்ணம், வெற்றிலைப் பாக்கு, இப்போது கைபேசி, எல்லாம் அதற்குள்தான். கச்சை தளர்ந்தால் பின்மடிப்பு கலைந்து ஒரு பக்கம் இறங்கும். வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளின் கோ எல்லாமே ஒரு பக்கம் இறங்கியிருப்பது இதனால்தான்.

இரவு எமா தட்சி, சிவப்பரிசிச் சோறு, 170 ரூபாய். மிளகாயைக் காரத்துக்காகப் போடவில்லை, காயாகவே போட்டிருக்கிறார்கள்; பாலாடைக்கட்டிக் குழம்பில் முழுமுழு மிளகாய். காரம் நாக்கைவிடக் காதில்தான் முதலில் தெரிகிறது.

மார்ச் 18, செவ்வாய் – திம்பு சாலை

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர். சமவெளியிலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் ஏறுகிற சாலை என்பதால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ரின்சென்டிங் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிய பிறகு ஏற்றம். கெடு என்ற ஊர்ப் பக்கம் மூடுபனி பத்தடிக்கு மேல் பார்க்க விடவில்லை. எதிரே வரும் லாரியின் மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. அதைத் தாண்டியதும் மண் சரிந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். வரிசையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. சிலர் இறங்கி வெற்றிலை மடித்தார்கள். இங்கத்திய பாக்கு ஈரப்பாக்கு. சுண்ணாம்போடு மென்றால் குளிரிலும் நெற்றி வியர்க்கும்.

இந்தச் சாலையே இரண்டு அரசாங்கங்களின் கணக்கு. 1961-இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் 'டண்டக்' பிரிவு இங்கே வேலையைத் தொடங்கியது. வழியில் அவர்கள் நடத்தும் கேன்டீனில் தோசை கிடைக்கிறது, சாம்பார் கொஞ்சம் தித்திப்பு. சற்றுத் தள்ளி சுக்கா நீர்மின் நிலையம், 336 மெகாவாட், 1980-களில் இந்திய உதவியுடன் கட்டியது. மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்பதுதான் இந்த நாட்டு வருமானத்தின் பெரிய தூண்களில் ஒன்று.

சில்லறை மாற்றியதில் கைக்கு வந்த நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். பூட்டான் நாணயமான நுல்ட்ரம் 1974-இல் புழக்கத்துக்கு வந்தது. மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம். 50 நுல்ட்ரத்தில் ட்ரோங்சா கோட்டை, 500-இல் புனாக்கா, 1,000-இல் திம்புவின் தாஷிச்சோ. இங்கே கோட்டைக்கு 'ஸோங்' என்று பெயர். ட்ரோங்சா வெறும் அழகுக்காக அச்சான படம் அல்ல. இன்றைய அரச குடும்பம் ட்ரோங்சா ஆளுநர் பதவியிலிருந்து எழுந்தது. பட்டத்துக்கு வரப்போகிற இளவரசர் முதலில் 'ட்ரோங்சா பென்லோப்' ஆக வேண்டும் என்பது மரபு. இப்போதைய மன்னர் ஜிக்மே கேசர் நம்கியேல் வங்சுக் 2004-இல் அந்தப் பதவியை ஏற்றார், 2006 டிசம்பரில் தந்தை விலகியதும் மன்னரானார்.

சுசோம் சங்கமத்தில் மூன்று ஸ்தூபிகள்: பூட்டானிய பாணியில் ஒன்று, திபெத்தியப் பாணியில் ஒன்று, நேபாளப் பாணியில் ஒன்று. இருட்டிவிட்டதால் நிற்கவில்லை.

மார்ச் 19, புதன் – திம்பு

காலையில் 3 டிகிரி. பத்து மணிக்கு மேல் ஸ்வெட்டர் வேண்டாத வெயில்.

திம்புவில் போக்குவரத்து விளக்கு கிடையாது. நோர்சின் சாலைச் சந்திப்பில் ஒரு மர மண்டபம். அதற்குள் வெள்ளைக் கையுறை போட்ட காவலர். ஒரு காலத்தில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள், மக்களுக்குப் பிடிக்காததால் எடுத்துவிட்டார்கள்.

முற்பகலில் மோத்திதாங் டாக்கின் காப்பகம். டாக்கின் தேசிய விலங்கு. ஆட்டுத் தலையும் மாட்டு உடலும் கொண்ட மிருகம், மூக்கு புடைத்திருக்கும். 15-ஆம் நூற்றாண்டுத் துறவி ட்ருக்பா குன்லே ஒரு பசுவையும் ஓர் ஆட்டையும் தின்று முடித்துவிட்டு, மாட்டு எலும்புக்கூட்டில் ஆட்டுத் தலையைச் செருகி எழுப்பினார் என்பது கதை. காப்பகம் முன்பு சிறிய மிருகக்காட்சி சாலையாக இருந்தது. தேசிய விலங்கைக் கூண்டில் வைப்பது சரியல்ல என்று மன்னர் திறந்துவிட்டார். அவை காட்டுக்குப் போகாமல் தீனி தேடித் திம்பு தெருக்களிலேயே திரிந்தன. வேறு வழியில்லாமல் வேலி போட்ட காட்டுக்குள் சேர்த்தார்கள். வேலியோரம் தீவனம் வைக்கும் நேரத்தில் போனால் அருகில் பார்க்கலாம், மதியத்தில் எல்லாம் மரத்தடியில் படுத்துவிடும்.

மற்ற தேசியச் சின்னங்களை இந்த மாதத்தில் தேடி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேசிய மலரான நீலப் பாப்பி மே மாதத்துக்குப் பிறகு, மரங்கள் முடிகிற உயரத்தில்தான் பூக்கும். இப்போது திம்புவில் நீலப் பாப்பி இருப்பது தபால் தலையிலும் தேநீர்க் கோப்பையிலும் மட்டுமே. தேசியப் பறவையான அண்டங்காக்கையும் உயர்ந்த பள்ளத்தாக்குகளில்தான். நகரக் காக்கையைப் படம் பிடித்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தேசிய வண்ணத்துப்பூச்சி லட்லோ ஸ்வாலோடெய்ல், 1930-களில் பதிவாகி, பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் 2009-இல் கிழக்கே மறுபடி கிடைத்தது. 2012-இல் பட்டம் கொடுத்தார்கள். எளிதில் பார்க்கக்கூடியது தேசிய மரமான சைப்ரஸ் ஒன்றுதான், கோயில் இருக்கும் இடமெல்லாம் நிற்கிறது. நாட்டுப்பண்ணின் முதல் வரியே அந்த மரம் வளரும் நாட்டைத்தான் பாடுகிறது.

அந்த நாட்டுப்பண் 1953-இல் வந்தது. இசை அமைத்தவர் ஆக்கு தோங்மி, இந்தியாவில் பேண்டு வாத்தியப் பயிற்சி பெற்றவர். தலைமைத் தபால் நிலையத்தில் அதன் விசித்திரமான வாரிசு ஒன்று இருக்கிறது: 1970-களின் தொடக்கத்தில் வெளியான இசைத்தட்டுத் தபால் தலை. வட்டமான சிறு தட்டு, பின்புறத்தில் பசை. கிராமபோனில் வைத்தால் நாட்டுப்பண் பாடும், பிறகு உறையில் ஒட்டி அனுப்பலாம். இப்போது அங்கே கூட்டம் சேர்வது தங்கள் முகத்தையே தபால் தலையாக அச்சிட்டுக்கொள்ளத்தான். ஒட்டினால் உண்மையிலேயே செல்லும்.

மாலையில் தாஷிச்சோ ஸோங். வேலை நாட்களில் அலுவலகம் முடிந்த பிறகே வெளியாட்களை விடுகிறார்கள். நேரம் பருவத்துக்கேற்ப மாறும். பார்வை நேரமும் ஒரு மணி அளவுதான். கட்டணம் 500. தொப்பி, குடை, அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை எதுவும் கூடாது. கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தாலும் கழற்றச் சொல்கிறார்கள். குளிருக்குச் சுற்றிய துணியைக் கழற்றச் சொல்வானேன் என்று ஒருவர் முணுமுணுத்தார். காரணம் இருக்கிறது. இங்கே தோளில் கிடக்கும் துணி பதவியைச் சொல்வது.

பூட்டானியர் எவரும் கப்னே என்ற நீண்ட துண்டு இல்லாமல் ஸோங்குக்குள் நுழைய முடியாது. இடது தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பைச் சுற்றி மறுபடி தோளுக்கு ஏறும். சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை. கிராமத் தொகுதித் தலைவரான 'குப்' என்றால் வெள்ளையில் சிவப்புக் கரை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலம், நீதிபதிக்குப் பச்சை, அமைச்சருக்கு ஆரஞ்சு. மன்னர் 'தாஷோ' பட்டம் கொடுத்தால் சிவப்பு. அதோடு இடுப்பில் வாளும் சேரும். மஞ்சள் இருவருக்கு மட்டும்: மன்னர், தலைமை மதகுருவான ஜே கென்போ. பெண்கள் இடது தோளில் ராச்சு என்ற குறுகிய பூவேலைத் துண்டு போடுகிறார்கள். மேலதிகாரி எதிரே வந்தால் கப்னேயின் மடிப்பை அவிழ்த்து முன்னால் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வதும் மரியாதை.

நம் ஊர்க் கட்சித் துண்டைப் போலத் தோன்றும், ஆனால் நேர் எதிர். அங்கே துண்டு எந்தப் பக்கம் என்று சொல்லும். இங்கே எந்தப் படி என்று சொல்கிறது. ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் ஒரே நீலம். தேர்தலில் தோற்ற மறுநாள் வெள்ளை. வாசல் காவலருக்கு முகம் தெரிய வேண்டியதில்லை, துண்டைப் பார்த்தால் சல்யூட் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும்.

கட்டடமும் அதே இலக்கணத்தில் நிற்கிறது. கிழக்குப் பக்கம் இரண்டு நுழைவாசல்கள்: தெற்கே இருப்பது நிர்வாகப் பகுதிக்கு, வடக்கே இருப்பது துறவிகளின் பகுதிக்கு. நடுவில் 'உட்சே' என்ற கோபுரம். மன்னரின் அலுவலகமும் சிம்மாசன அறையும், உள்துறையும் நிதித்துறையும் ஒரு பக்கம், மடம் மறுபக்கம். 1616-இல் திபெத்திலிருந்து வந்து பூட்டானை ஒன்றாக்கிய துறவி ஷப்த்ருங் ங்காவாங் நம்கியால் போட்ட ஏற்பாடு இது. உலக ஆட்சிக்கு 'தேசி' என்றொருவர், சமய ஆட்சிக்கு ஜே கென்போ. 1907-இல் மன்னராட்சி வந்ததும் தேசியின் இடம் மன்னருக்குப் போனது, ஜே கென்போவின் இடம் அப்படியே இருக்கிறது. இன்று பார்க்கும் கட்டடம் மூன்றாம் மன்னர் 1960-களில் ஆணியும் வரைபடமும் இல்லாமல் எழுப்பியது.

மாலையில் கொடியிறக்கம். காவல் வீரர்கள் அணிவகுத்து வருவார்கள், படம் எடுக்கத் தடை இல்லை. ஆனால் கொடியைக் கண்டுபிடிப்பதில் குழப்பம் வரும். ஸோங் முன் நிற்கும் உயரமான கம்பத்தில் நெடுக்காகத் தொங்குவது 'லாதார்' என்ற சமயக் கொடி. தேசியக் கொடியில் டிராகன் இருக்கும்.

தேசியக் கொடியைப் பிரித்துப் படித்தால் அதுவும் இதே இரட்டை ஏற்பாடுதான். கம்பத்தை ஒட்டிய கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு ஒரு குறுக்குக் கோடு. கோட்டுக்கு மேலே மஞ்சள், மன்னரின் உலக அதிகாரம். கீழே ஆரஞ்சு, பௌத்த மரபு. கோட்டின் மீது படுத்திருக்கிற வெள்ளை டிராகன் நாட்டின் பெயர் ('ட்ருக் யுல்', அதாவது டிராகன் நாடு); வெள்ளை, பல இன, பல மொழி மக்களின் களங்கமற்ற விசுவாசம். நகங்களில் பிடித்திருக்கும் மணிகள் செல்வம். டிராகன் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்க வேண்டும். கடைத்தெருவில் விற்கும் மேசைக் கொடிகளில் பலவற்றில் அது கம்பத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். 1949-இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தான சமயத்தில் உருவான முதல் கொடி ஏறக்குறையச் சதுரம்: மஞ்சள், சிவப்பு, பச்சை டிராகன். சதுரக் கொடி இந்தியக் கொடிக்குப் பக்கத்தில் சரியாகப் பறக்கவில்லை என்பதைப் பிற்பாடு கவனித்து, 3-க்கு 2 என்ற அதே அளவுக்கு மாற்றினார்கள். டிராகன் வெளுத்தது 1956-இல், சிவப்பு ஆரஞ்சானது 1960-களின் இறுதியில்.

மார்ச் 20, வியாழன் – திம்பு, ஆற்றின் எதிர்க்கரை

வாங் சூ ஆற்றின் ஒரு கரையில் ஸோங், எதிர்க்கரையில் நாடாளுமன்றம். கூட்டத்தொடர் கோடையிலும் குளிர்காலத்திலும்தான், மார்ச்சில் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காவலர் உட்காரச் சொல்லி வெந்நீர் கொடுத்தார்.

உள்ளே இரண்டு அவைகள். தேசியப் பேரவையில் 47 இடங்கள், கட்சிகளுக்கு உரியவை. தேசியக் கவுன்சிலில் 25: மாவட்டத்துக்கு ஒருவராக 20 பேர், மன்னர் நியமிக்கும் 5 பேர். கவுன்சிலுக்குப் போட்டியிடுகிறவருக்குக் கட்சித் தொடர்பே இருக்கக் கூடாது. பேரவைத் தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் எல்லாக் கட்சிகளும் நிற்கும். அதிக வாக்கு வாங்கிய இரண்டு கட்சிகள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஆகவே பேரவையில் எப்போதும் இரண்டே கட்சிகள், கூட்டணிப் பேரத்துக்கு வேலை இல்லை. 2024 ஜனவரித் தேர்தலில் மக்கள் ஜனநாயகக் கட்சி 30, பூட்டான் டெண்ட்ரெல் கட்சி 17. ஷெரிங் டோப்கே இரண்டாம் முறையாகப் பிரதமர். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பிரதமராக முடியாது. வேட்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும். துறவிகளுக்கு வாக்கு இல்லை. சமயம் அரசியலுக்கு மேலே நிற்க வேண்டும் என்று அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு சொல்வதைத் தேர்தல் ஆணையம் அப்படிப் பொருள்கொள்கிறது. வாக்குப்பதிவு இயந்திரங்கள் இந்தியாவிலிருந்து போனவை.

இந்த ஜனநாயகத்தை மக்கள் கேட்டு வாங்கவில்லை. நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வங்சுக் மேலிருந்து கொடுத்தார். 2007-இல் மக்களுக்குப் பழக்க ஒரு ஒத்திகைத் தேர்தல் நடந்தது. நான்கு பொய்க் கட்சிகள், பெயர் இல்லை, நிறம் மட்டும்: மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை எழுதிக் கொடுத்திருந்தார்கள், மஞ்சளுக்கு மரபுப் பாதுகாப்பு. இறுதிச் சுற்றில் 47-இல் 46 இடம் மஞ்சளுக்கு. மன்னரின் துண்டு என்ன நிறம் என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தேர்தல் ஆணையம் அந்த நிறத்தை ஒத்திகைக்குக் கொடுத்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு உண்மைத் தேர்தலில் ஒரு கட்சிக்கு 45, இன்னொன்றுக்கு 2.

2008 ஜூலை 18-இல் கையெழுத்தான அரசியலமைப்பில் 35 பிரிவுகள். மன்னர் 65 வயதில் பதவி விலக வேண்டும். அதற்கு முன்பே அவரை விலக்கவும் வழி உண்டு: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கினர் முன்மொழிய, இரு அவைகளும் சேர்ந்த கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப, பிறகு மக்கள் வாக்கெடுப்பு. நாட்டின் பரப்பில் 60 சதவீதம் காடாகவே இருக்க வேண்டும். கொடியும் இலச்சினையும் முதல் அட்டவணையில், நாட்டுப்பண் இரண்டாம் அட்டவணையில். இலச்சினையில் தாமரை மீது குறுக்காக இரண்டு வஜ்ராயுதம், இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக டிராகன், உச்சியில் வேண்டியதைத் தரும் மணி. அந்த மணிக்கு அட்டவணை கொடுக்கும் விளக்கம் 'மக்களின் இறையாண்மை'. நாணயத்திலும் அரசுக் கடிதத்திலும் தினமும் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஓட்டுநரிடம் கேட்டபோது, "பரீட்சைக்குப் படித்தோம் சார்" என்றார்.

மதியம் மோமோ, ஐந்து 80 ரூபாய். உடன் வந்த எஸே மிளகாய்த் தொக்குக்குத் தனியாக 20.

மார்ச் 21, வெள்ளி – தோச்சுலா, புனாக்கா

திம்பு, பாரோவைத் தாண்டிப் போக வழிகாட்டி வேண்டும் என்றார்கள், அமர்த்திக்கொண்டோம். தோச்சுலா கணவாய் 3,100 மீட்டர். ரோடோடென்ட்ரான் சிவக்கத் தொடங்கியிருக்கிறது, கூடவே ஆலங்கட்டி மழை. 108 ஸ்தூபிகள் 2003-இல் தெற்குக் காடுகளிலிருந்து அசாம் போராளிக் குழுக்களை வெளியேற்றிய நடவடிக்கையின் நினைவாக எழுந்தவை. பனிமலை வரிசை தெரிய அதிகாலையில் வர வேண்டும். பதினொரு மணிக்கு வந்தவர்களுக்கு வெள்ளை மேகம் மட்டுமே.

அங்கிருந்து புனாக்காவுக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். ஸ்வெட்டர், பிறகு சட்டை, கடைசியில் மின்விசிறி. இந்த வெப்ப வித்தியாசம்தான் பூட்டான் அரசாங்கத்தின் பழைய நாட்காட்டி. மத்தியத் துறவியர் சங்கம் ஜே கென்போவோடு குளிர்காலத்துக்கு இங்கே இறங்கி, வெயில் ஏறியதும் திம்புவுக்குத் திரும்பும். 1950-கள்வரை தலைநகரே புனாக்காதான்.

மார்ச் 22, சனி – புனாக்கா ஸோங்

போ சூ, மோ சூ என்ற ஆண், பெண் ஆறுகள் சேரும் மூக்கில் ஸோங். ஷப்த்ருங் 1637-இல் கட்டத் தொடங்கியது. அழகான இடம், ஆபத்தான இடம். மேலே லுனானாவில் பனியேரி உடைந்து 1994 அக்டோபர் 7-இல் வந்த வெள்ளம் கோட்டையைச் சேதப்படுத்தியது. ஆற்றைக் கடக்கும் மரப்பாலம் பழைய மாதிரியில் 2008-இல் முடிந்த புதுக் கட்டுமானம்.

ஏறும் மரப்படி செங்குத்து. எதிரி வந்தால் மேலே இழுத்துக்கொள்ளும்படி அமைத்தது. மழைநாளில் வழுக்கும், இறங்கும்போது திரும்பி ஏணி இறங்குவது போல இறங்குவது நல்லது. வழக்கமாக ஸோங்கில் இரண்டு முற்றம். இங்கே மூன்று. முதல் முற்றம் மாவட்ட நிர்வாகம்: போதி மரத்தைச் சுற்றிக் கோப்புகளோடு வெள்ளைத் துண்டுக்காரர்கள். உட்சேயைத் தாண்டினால் துறவிகள். மூன்றாவதில் மாச்சென் ஆலயம், ஷப்த்ருங்கின் உடல் அதில்தான். 1651-இல் இறந்ததை அரை நூற்றாண்டு வெளியே சொல்லாமல், 'தவத்தில் இருக்கிறார்' என்றே ஆட்சி நடத்தினார்கள். அந்த அறைக்குள் மன்னர், ஜே கென்போ, காவல் துறவிகள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. 2008 நவம்பர் 6-இல் முடிசூடும் முன், இன்றைய மன்னர் நவம்பர் 1-இல் ஐந்து நிறத் துண்டுகளை இங்கேதான் பெற்றார். துண்டுகளின் ஏணியில் உச்சியில் இருப்பவருக்கும் துண்டு கொடுக்க ஓரிடம் இருக்கிறது.

முதல் மன்னர் உக்யென் வங்சுக் 1907 டிசம்பர் 17-இல் முடிசூடியதும் இதே கோட்டையில். அந்த நாள்தான் தேசிய தினம். மகுடத்தின் உச்சியில் அண்டங்காக்கைத் தலை. அவருடைய தந்தை போரில் அணிந்த தலைக்கவசத்திலிருந்து வந்தது. காக்கை, மகாகாலரின் ஒரு வடிவம். ஷப்த்ருங்குக்கு பூட்டானுக்கு வழிகாட்டியது காக்கை வடிவில் வந்த அந்தக் காவல் தெய்வம் என்பது நம்பிக்கை.

நூறு தூண் மண்டபத்தில் உண்மையில் 54 தூண்கள். எண்ணிப் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் சண்டைக்குப் போகிற ஒருவராவது தினமும் வருவாராம்.

மார்ச் 23, ஞாயிறு – பாரோ

புலிக்குகை மடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வில்வித்தை மைதானத்தில் பாதி நாள் போனது. ஐ.நா.வில் சேர்ந்த 1971-இல் இது தேசிய விளையாட்டானது. இலக்குக்கு 140 மீட்டருக்கு மேல் தூரம், ஒலிம்பிக்கில் 70 தான். பலகை ஒரு முழத்துக்கும் குறைவான அகலம். மூங்கில் வில் குறைந்து, உருளை பூட்டிய அமெரிக்க வில் பெருகிவிட்டது. எதிரணியினர் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று எய்பவரைக் கேலி செய்கிறார்கள்; பட்டுவிட்டால் தன் அணி வரிசையாக ஆடும், கேராவில் வண்ணத் துண்டைச் செருகிக்கொள்ளும். எத்தனை துண்டு தொங்குகிறதோ அத்தனை முறை பட்டிருக்கிறது. நிற்க விரும்புகிறவர்கள் எய்பவர் பக்கம் நிற்கவும். அம்பு வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மார்ச் 24, திங்கள் – மீண்டும் புன்ட்ஷோலிங்

தெற்கே இறங்கியதும் 30 டிகிரி. கோவின் பின்மடிப்பு முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அலுவலகம் முடிந்த நிமிடமே மேல்பாதியை உருவி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். உடை விதியின் கசப்பான அத்தியாயமும் இந்தத் தென்பகுதியில்தான் நடந்தது. 1980-களின் இறுதியில் கோ, கிரா கட்டாயமானதும், பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நின்றதும், 1985 குடியுரிமைச் சட்டமும் சேர்ந்து நேபாளி பேசும் லோட்ஷம்பா மக்களை அழுத்தின. போராட்டம், கைது, வெளியேற்றம். நேபாள முகாம்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் இருந்து, 2007-க்குப் பிறகு பெரும்பாலோர் அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறினார்கள். திம்பு அருங்காட்சியகங்களில் துணிக்கு மூன்று மாடி இருக்கிறது, இதற்கு ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. டிராகனின் வெள்ளைக்குக் கொடி அட்டவணை எழுதிய 'பல இன, பல மொழி' விளக்கத்தை இங்கே நின்று படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

திரும்புகிறவர்களுக்கு: அனுமதிச் சீட்டை எல்லையில் காட்டி வெளியேறும் பதிவைச் செய்யாமல் நகராதீர்கள், அடுத்த முறை சிக்கல். நுல்ட்ரம் ஜெய்காவ் கடைகள்வரை செல்லும், ஹாசிமாரா ரயில் நிலையத்தில் செல்லாது. பீம் யுபிஐ 2021-லிருந்து பூட்டானில் உண்டு, ஆனால் சிறு கடைகளில் பாதி நேரம் எடுக்காது. அதனால் ரொக்கம் மிஞ்சத்தான் செய்யும். 50 நுல்ட்ரம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிடலாம். கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளுங்கள். ரயிலுக்கு அந்த அரை மணி உங்கள் பக்கம்.